டைம் ஆபீஸ் அக்காவின் இரண்டு நேரங்கள்

டைம் ஆபீஸ் அக்கா பொய் சொல்லுவாள் என்பது அவளோடு பழகிய எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் யாரும் இதை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. பேச ஆரம்பித்தால் நாய்கள் ஊர் போய்ச் சேராது.

இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்புவது, யார் ஓட்டுவது, யார் லீவு, யார் லீவு என்று சொல்லிவிட்டுப் படுத்துக் கிடப்பது என்று எழுதித் தீர்த்தவள். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் பல்வலி வந்தது. "வேலை இல்லாம உக்காந்திருந்தா அக்காவுக்குப் பல்லு கூட வலிக்கும்" என்று தம்பி கிண்டல் செய்தான்.

பல் டாக்டர் அவளை நாற்காலியில் சாய்த்து, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பேசினார். தெற்கே ஒரு விலங்குக் காப்பகத்தில் நாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. வடக்கே நானூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு காப்பகத்தில் இடம் காலியாக இருக்கிறது. அன்று அனுப்ப வேண்டிய ஒரு நாயைக் கொண்டுபோக ஆள் இல்லை. டாக்டர் பாதி வழி வருவாராம், மீதி வழிக்கு வேறொருவராம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அக்கா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், கிளம்பும் நேரம் தெரியாத வண்டியை மட்டும் முடியாது. எழுந்து போய், பல் பிடுங்க வேண்டியவரின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இடம், நேரம், வண்டி என்று மூன்று வரி எழுதி டாக்டரிடம் நீட்டினாள். அந்த நாய் அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. பல்லைத்தான் மறுநாள் பிடுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நாலு வருஷமாகச் சனிக்கிழமை என்றால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் டிப்போ. தெற்குக் காப்பகத்திலிருந்து பல் டாக்டர் நாயை ஏற்றிக்கொண்டு வருவார். பைபாஸ் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் கல்யாண போட்டோக்காரரிடம் கொடுப்பார். போட்டோக்காரர் இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போய், டோல்கேட் பக்கத்து ஓட்டல் வாசலில் அக்காவின் தம்பியிடம் கொடுப்பார். தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அவன் வடக்குக் காப்பகத்தில் கொண்டுபோய் இறக்குவான். ஒரு வண்டியின் கதவைச் சாத்தின பிறகுதான் அடுத்த வண்டியின் கதவைத் திறக்க வேண்டும், கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு போதாது இரண்டு வேண்டும், தடுப்பூசிச் சீட்டைக் கூண்டின் மேல் ஒட்டியே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் போட்ட சட்டம். ஒவ்வொரு இடத்திலும் நாய் கை மாறியதும் "மாறியாச்சு" என்று ஒரு மெசேஜ் வரவேண்டும். கூடவே இதய பொம்மை, கண்ணீர் பொம்மை எதையாவது அனுப்பினால் திட்டு விழும்.

இதற்கெல்லாம் அவளிடம் ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் நிஜமான நேரம், வலது பக்கம் ஆளிடம் சொல்ல வேண்டிய நேரம். பல் டாக்டருக்கு நாற்பது நிமிஷம் முன்னால். கிளம்பும்போது அவருக்கு "கடைசியா ஒரே ஒரு பல்லு" வந்துவிடும். போட்டோக்காரருக்கு ஒரு மணி நேரம் முன்னால். அவர் கல்யாண வீட்டிலேயே மாப்பிள்ளையைக் காக்க வைத்துத் தாலி கட்டும் நேரத்தைத் தாண்ட விட்டவர் என்று ஒரு பேச்சு உண்டு. தம்பிக்கு இருபது நிமிஷம். அவன் சோம்பேறி இல்லை. ஆனால் சாவியைத் திருப்புவதற்கு முன் நாலு டயரையும் தட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, பக்கத்து சீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் பெல்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான்.

அவர்களும் ஒன்றும் பச்சைக் குழந்தைகள் இல்லை. அக்கா பத்து என்றால் பதினொன்று என்று போட்டோக்காரர் மனசுக்குள் கூட்டிக்கொள்வார். அவர் கூட்டிக்கொள்வார் என்று தெரிந்துதான் அவள் குறைத்துச் சொல்வாள். இரண்டு பக்கமும் இப்படிப் பொய்யாக இருந்ததால் எல்லாம் கடிகாரம் போல நடந்தது.

நடக்காமல் போனது ஒரே ஒரு சனிக்கிழமை.

தெற்குக் காப்பகத்தின் இடத்தைச் சொந்தக்காரர் திரும்பக் கேட்டுவிட்டார். நாற்பத்தொரு விலங்குகளை ஆறு வாரத்தில் ஊர் ஊராக அனுப்பி முடித்தாயிற்று. கடைசியாக மிஞ்சியது ஒரு கிழட்டு நாய். காப்பகத்தில் அதற்குத் 'தாத்தா' என்று பெயர். வயது பன்னிரண்டு, பின்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி நடக்கும், காது பாதிதான் கேட்கும். மூன்று வருஷமாக யாரும் கேட்டு வரவில்லை. வடக்குக் காப்பகத்தில் வயசான நாய்களுக்கென்று நாலே அறைகள். அதில் ஒன்றைச் சனிக்கிழமை மாலை வரைக்கும் தாத்தாவுக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே கால்நடை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பிராணியும் உள்ளே போக முடியாது. டாக்டர் ஐந்து மணிக்கு டாண் என்று கிளம்பிவிடுவார். விட்டால் அறை அடுத்த நாய்க்கு. தெற்கே காப்பகம் அன்று மதியமே பூட்டப்படும். அதற்கப்புறம் தாத்தா முனிசிபாலிட்டிக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அங்கே போன கிழட்டு நாய்கள் எதுவும் திரும்பி வந்ததாக அக்கா கேள்விப்பட்டதில்லை.

இந்தச் சனிக்கிழமை பார்த்துத்தானா கண் ஆபரேஷன் வரவேண்டும்? முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அவள் வலது கண்ணில் புரையை எடுத்து, பஞ்சு வைத்து மூடி அனுப்பினார்கள். இடது கண்ணிலும் புரை. அது அடுத்த மாதம். அதனால் அவளுக்கு உலகமே பால் கலந்த தண்ணீராகத் தெரிந்தது. இருபத்திநாலு மணி நேரம் அசையக்கூடாது, போன் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் கணவர் சர்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவன் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்தவர். இருபத்திநாலு மணி நேரம் என்றால் அவருக்கு இருபத்திமூன்றே முக்கால் கிடையாது. போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலையில ஏழு மணிக்கு மூணு பேருக்கும் போன் பண்ணி, நோட்டுல வலது பக்கம் இருக்கற நேரத்தைச் சொல்லிடுங்க. அவ்வளவுதான் வேலை" என்றாள் அக்கா. "இடது பக்கம் எதுக்கு?" என்றார். "அது என் கணக்கு. நீங்க வலது பக்கத்தைச் சொல்லுங்க." மாத்திரையை விழுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் கண் விழித்தபோது மணி பத்து. தலைமாட்டில் சர்வேயர் பெருமையோடு உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணிட்டீங்களா?"

"அதெல்லாம் ஏழு மணிக்கே முடிஞ்சிடுச்சு. ஒரு நல்ல காரியம் பண்ணேன் தெரியுமா? உன் நோட்டுல பெரிய தப்பு இருந்துச்சு."

அக்காவின் மூடாத கண் விரிந்தது. "என்ன தப்பு?"

"தூரத்தையும் வேகத்தையும் வெச்சு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் எதுவுமே ஒத்து வரல. போட்டோக்காரரைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கே, பல் டாக்டர் அங்க போறதே பதினொண்ணுக்குத்தான். ஒரு மனுஷன் ஒரு மணி நேரம் பெட்ரோல் பங்குல நின்னு என்ன பண்ணுவான்? பாவம், கண்ணு தெரியாம எழுதியிருக்கேன்னு நெனச்சேன். இடது பக்கம் மட்டும் கனகச்சிதமா இருந்துச்சு. எல்லாருக்கும் அதையே சொல்லிட்டேன். 'இதுதான் சரியான நேரம்'னு ரெண்டு தடவை அழுத்திச் சொன்னேன்."

டிப்போவில் ஒரு தடவை மூன்று டிரைவர்கள் ஒரே நாளில் தங்கள் தாத்தா செத்துப்போய்விட்டார் என்று லீவு கேட்டபோதுகூட அக்கா இப்படி ஆடிப்போனதில்லை.

"போட்டோக்காரர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். 'அக்கா இப்ப சாரையே இறக்கிட்டாங்களா?'ன்னார். எனக்குப் புரியல."

அவளுக்குப் புரிந்தது. பதினொன்று என்று சர்வேயர் சொன்னதோடு போட்டோக்காரர் வழக்கம் போல ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார். பல் டாக்டர் நாற்பது நிமிஷத்தைக் கூட்டிக்கொண்டு, கடைசி ஒரே ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். வலது பக்கத்து நேரம் எதற்கு என்பதை அவள் கணவருக்கு விளக்கிச் சொன்னாள். கேட்கக் கேட்க சர்வேயரின் முகம் கறுத்தது.

"நாலு வருஷமா எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டிருந்தியா?"

"அவங்களும்தான் நாலு வருஷமா நம்பாம இருந்தாங்க. அதெல்லாம் அப்புறம். இப்ப கூப்பிட்டு விரட்டுங்க!"

விரட்டினார். அவர் விரட்டல் "தயவுசெஞ்சு கொஞ்சம் சீக்கிரம்" என்ற அளவில் இருந்தது. பல் டாக்டர் காப்பகத்துக்குப் போனது பத்து பத்துக்கு. பெட்ரோல் பங்கில் "மாறியாச்சு" வந்தது பன்னிரண்டு பத்துக்கு. ஓட்டல் வாசலில் தம்பி கையில் நாய் வந்தபோது மணி இரண்டு ஐம்பது. சர்வேயர் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர். போய்ச் சேருவது ஐந்து முப்பத்தைந்து.

"மாமா, நான் என்ன பண்றது? வண்டி மேல ஸ்கூல் போர்டு இருக்கு. நானே வேகமா ஓட்டினா நாளைக்கு எவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கறது?" என்றான் தம்பி. "தாத்தா சமத்தா படுத்திருக்கார். குறட்டை விடறார்."

அக்காவுக்கு அழுகை வந்தது. ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பதால் அழவும் வழியில்லை. "வடக்கு டாக்டரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

"என்னன்னு சொல்லி?"

"பக்கத்துல வந்துட்டாங்கன்னு சொல்லுங்க. தூரத்துல இருக்காங்கன்னா அவர் கிளம்பிடுவார்."

சர்வேயர் எழுந்து ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்தார். ஒரு ஜாண் நிலத்துக்காகக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, 'கல்லு இங்கதான், நகராது' என்று சொன்ன மனுஷன். அதற்காக அவரைப் பொட்டல் காட்டுக்கு மாற்றினார்கள். அப்போதும் கல் நகரவில்லை. நடந்தபடி ஒரு தடவை நோட்டைப் பார்த்தார், ஒரு தடவை அவளைப் பார்த்தார். நாலு ஐம்பதுக்குத் தன் போனிலிருந்து கூப்பிட்டார்.

"சார் பேசறீங்களா?" என்று வடக்கு டாக்டரின் குரல் வெளியில் கேட்டது. "அம்மா கூப்பிட்டிருந்தா போனை எடுக்காமலே கிளம்பியிருப்பேன். நீங்க சர்வேயராச்சே. சொல்லுங்க, வண்டி எங்க இருக்கு?"

வண்டி நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சர்வேயர் தொண்டையைச் செருமினார்.

"உங்க கேட்டிலேருந்து நாலு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர்."

அக்கா கட்டிலில் அசையக்கூடாதவள் என்பதையும் மறந்து பாதி எழுந்துவிட்டாள். நாலு கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தால் அது வெறும் பொய். அந்த முந்நூறு மீட்டரைச் சேர்த்தாரே, அதற்கு மேல் யாரால் சந்தேகப்பட முடியும்? இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவளுக்கு இது தோன்றியதில்லை.

ஐந்து மணி எட்டு நிமிஷத்துக்கு டாக்டரே கூப்பிட்டார். நாலு கிலோமீட்டருக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டார். சர்வேயரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பொய்க்குப் பழகாதவர்கள் ஒன்றைச் சொன்னதும் அடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார் போலிருக்கிறது.

"ரயில்வே கேட் போட்டுட்டாங்க. கூட்ஸ் வண்டி."

"பெரிய வண்டியா சார்?"

"நாப்பத்திரண்டு பெட்டி."

"அடேயப்பா! எண்ணினீங்களா?"

"மச்சான் எண்ணிச் சொன்னான்" என்றார் சர்வேயர். போனை வைத்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அக்காவுக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், மங்கலாகத் தெரிந்த அந்த முகத்திலேயே, தட்டக்கூடாது என்று தெரிந்தது. சின்ன வயசிலிருந்து சேர்த்து வைத்த ஒன்றைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த மனுஷனைப் போல உட்கார்ந்திருந்தார்.

ஐந்து முப்பத்தேழுக்குத் தம்பியிடமிருந்து "மாறியாச்சு" வந்தது. கூடவே ஒரு இதய பொம்மையும் வந்தது. அவள் திட்டவில்லை. ஆறு மணி அடித்ததும் சர்வேயர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. வடக்கு டாக்டர்.

"எப்படிம்மா இருக்கு கண்ணு? தாத்தாவை உள்ள விட்டாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. அறையை ஒரு சுத்து சுத்திட்டு, போர்வையைக் கால்ல இழுத்துப் போட்டுக்கிட்டு படுத்துட்டார். பல்லு ரெண்டு ஆடுது, வேற ஒண்ணும் இல்ல."

"டாக்டர், உங்க புண்ணியம். அஞ்சு மணிக்குக் கிளம்பறவரை இவ்வளவு நேரம் நிக்க வெச்சிட்டோம்."

டாக்டர் சிரித்தார். "ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை நான் ஏழு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அஞ்சுன்னு சொல்றது உங்களுக்காக. ஏழுன்னு சொன்னா உங்க ஆளுங்க எட்டரைக்குத்தானே வருவாங்க?"

நாலு வருஷமாக இந்த மனுஷன் தன்னை வலது பக்கத்தில் எழுதி வைத்திருந்தார் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னொண்ணும்மா. எங்க ஊருக்கு ரயிலே கிடையாது. சார் நாப்பத்திரண்டு பெட்டின்னதும் நான் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். அவர்கிட்ட சொல்லிடுங்க, ரொம்ப..."

"டாக்டர்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அந்த ரயில் விஷயத்தை அவர்கிட்ட எப்பவும் சொல்லிடாதீங்க. ஏழு மணியையும் சொல்லாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

டாக்டர் கேட்டார், "எந்த ரயிலும்மா?"

நல்ல மனுஷன்.

சர்வேயர் காபியோடு வந்தார். கிளாஸை அவள் கையில் வைத்து, விரல்களை எடுத்து அதைச் சுற்றி அவரே பிடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அக்கா ஊரெல்லாம் பொய் சொல்லியிருக்கிறாள், இவரிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்பட்டதில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற மனுஷனிடம் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது?

"பையை மாட்டிக்கிட்டு கேட் வரைக்கும் போயிட்டாராம்" என்றாள். "நீங்க அந்த முந்நூறு மீட்டர் சொன்னீங்களே, அதைக் கேட்டுத்தான் திரும்பிப் போனாராம். வேற யார் சொல்லியிருந்தாலும் நின்னிருக்க மாட்டேன்னார்."

"ரயிலை?"

"நம்பாம? பெட்டியையே எண்ணிச் சொல்லிட்டீங்களே."

சர்வேயரின் மூச்சு மெல்ல இளகி வருவது அவளுக்குக் கேட்டது. ஒரு கண்ணும் சரியாகத் தெரியாத அந்த நிலையிலும், அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவளால் பார்க்க முடிந்தது. அவளுக்கு அவர்மேல் அன்று வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

"அந்த நாய்க்காகத்தான் சொன்னேன்" என்றார் கடைசியில். "நான் பொய் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

"யாருக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா காபியைக் குடித்தாள்.